சீல் வைத்த சதைத்துண்டு

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள். நம் நல்லூரில் நாலு பக்கமும் நிட்டிங் மெஷின் ஓடுகிறது. தள்ளி உட்கார்ந்தால் கதையில் பாதியை அந்தச் சத்தமே தின்றுவிடும். கால் வலிக்கிறவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள். பசிக்கிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், கதை எங்கும் ஓடிப்போகாது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சதைத்துண்டை, பனியனைப் பாஸ் பண்ணுவது போலப் பாஸ் பண்ணக் கிளம்பிய பெரியவர்களின் கதையைச் சொல்லப்போகிறேன். துண்டு பிழைத்ததா இல்லையா என்று நடுவில் கேட்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் உங்களை எழுந்து போக விடமாட்டேன்.

மயிலாள் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். தைத்து வரும் பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை உண்டா, கறை உண்டா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் நறுக்கிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பிக் கப்பல் ஏறிய ஓட்டை ஒன்றுகூட இல்லை என்று அந்தக் கம்பெனியில் சொல்வார்கள். அப்படிச் சொன்னதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் செய்ததில்லை.

அவள் புருஷன் வீரன், துணிக்கு ஆவி கொடுத்து அளவுக்குக் கொண்டுவரும் மெஷினில் வேலை பார்த்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆவிக்குழாய் விட்டுப்போய் வலது முழங்கையின் பின்பக்கம் முழுவதும் வெந்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தால் ஒட்டின தோல் நடுவில் கறுத்துக் கிடந்தது. "கீழிருந்து ரத்தம் ஏறலைம்மா. ரத்தம் ஏறாத தோல் நிக்காது" என்றார் டாக்டர். இரண்டாவது தரமும் அதே கதைதான். கடைசியில் புண் அதன் போக்கில் ஆறி, ஆறும்போதே முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கை பாதிக்கு மேல் மடங்காது. வாய்க்கு எட்டாது. பந்தியில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு, வீரன் எந்த விசேஷத்துக்கும் போவதையே விட்டுவிட்டார்.

இது இப்படியிருக்க, ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு மையம் ஆரம்பித்தார்கள். உயிர்ப்பின்னல் மேம்பாட்டு மையம் என்று பெயர். அதன் சேர்மன் ஈஸ்வரமூர்த்தி, முப்பத்தெட்டு வருஷம் பனியன் ஏற்றுமதி செய்தவர். நல்ல மனுஷர்தான். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பார். திறப்பு விழாவில் அவர் பேசியதை மயிலாளும் கூட்டத்தோடு நின்று கேட்டாள்.

"இத்தனை காலம் ஒலகத்துக்கே தோலு மேல போடறதை நாம குடுத்தோம். இனிமேல் தோலையே குடுப்போமுங்க. வித்தியாசம் ஒண்ணும் பெருசா இல்லை. ரெண்டும் உடம்போட ஒட்டி இருக்கோணும். ரெண்டும் சாயம் போகக் கூடாது."

கைதட்டல் அடங்க வெகு நேரமானது.

மையத்தின் நிர்வாகக் குழுவில் பன்னிரண்டு பேர். தரக் கட்டுப்பாட்டில் ஒன்பது பேர். திசு வளர்க்க ஒரே ஒருத்தி: சேவூர்ப் பெண் இந்துமதி, வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர்ப்பக்கம் வேலை கிடைத்தால் போதும் என்று திரும்பி வந்தவள். உற்பத்தி நடக்கும் ஒவ்வொரு பிரிவிலும் செக்கிங் பெண் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று மையத்தின் விதியில் ஒரு வரி இருந்தது. ஏதோ பனியன் கம்பெனியின் விதிப் புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது அப்படியே வந்துவிட்ட வரி. அந்த வரியின் புண்ணியத்தில் மயிலாளுக்கு அங்கே வேலை கிடைத்தது.

முதல் நாள் கத்தரியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் நின்றாள். "ஏனுங் மேடம், நான் இங்க எதைச் செக் பண்ணோணும்?"

இந்துமதி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கும் தெரியலீங்கக்கா. உக்காருங்க. டீ குடிக்கறீங்களா?"

டீ குடித்துக்கொண்டே இந்துமதி தன் வேலையைக் காட்டினாள். கடல்பாசி ஜெல்லி போல ஒரு கூழ். தண்ணீரைக் குடித்துக்குடித்து உப்பி நிற்கிற பொருள். ஜெல் என்று சொன்னாள். அதற்குள் உயிரணுக்களைக் கலந்து வைத்தால், அவை அதையே வீடாக்கிக்கொண்டு சதையாகப் பெருகும். மெல்லிசாக வளர்த்தால் தொந்தரவில்லை. விரல் கனத்துக்கு வளர்த்தால் ஓரத்தில் இருப்பவை பிழைக்கும், நடுவில் இருப்பவை செத்துவிடும்.

மயிலாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நடுவுக்கு ரத்தம் ஏறலீங்களா கண்ணு?"

மேடம் என்று கூப்பிட வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இந்துமதி அதைக் கவனிக்கவும் இல்லை. "அதேதானுங்க. குழாய் மாதிரி வழி வேணும். ரோமத்தைவிட மெல்லிசா, கிளை கிளையா. ஊசியால குத்திப் பார்த்தேன், மூடிக்குது. வெளிநாட்டுல அச்சடிக்கற மெஷினே இருக்குது. இங்க கேட்டேன். அந்த மெஷின் எத்தனை கேஜ், நிமிசத்துக்கு எத்தனை சுத்துன்னு, நிட்டிங் மெஷினுக்குக் கேக்கற மாதிரியே கடுதாசி போட்டிருக்காங்க."

மயிலாள் யோசித்தாள். செக்கிங்குக்கு வருவதற்கு முன் இரண்டு வருஷம் எம்ப்ராய்டரி யூனிட்டில் இருந்திருக்கிறாள்.

"பூ வேலைக்கு அடியில ஒரு சீட் வெச்சுத் தைப்போமுங்க. முடிஞ்சதும் தண்ணியில போட்டா இருந்த தடமே தெரியாது, கரைஞ்சு போயிரும். அதுலயே நூலும் வருது. அந்த நூல்ல ஒரு வலை பின்னிக் கூழுக்குள்ள வெச்சு, கூழு இறுகினதும் நூலைக் கரைச்சுப்போட்டா?"

இந்துமதி தன் டம்ளரைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அந்த நூல் எங்கக்கா கிடைக்கும்?" என்றாள்.

"ரெண்டு வீதி தள்ளிங்க."

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரையும் நூலில் மிக மெல்லிய இழையைப் பிரித்து, குரோஷா ஊசியால் ஒரு வேர் போல மயிலாள் பின்னினாள். நாற்பத்தாறு கண்ணி, பதினாறு கிளை. அதை ஜெல்லுக்குள் வைத்தார்கள். வெதுவெதுப்பில் நூல் கரைந்தது, வழி நின்றது. அந்த வழியின் சுவர்களில் ரத்தக்குழாய் அணுக்களை இந்துமதி குடியேற்றினாள். கட்டைவிரல் அளவு பம்பு ஒன்று இளஞ்சிவப்பு ஊட்டநீரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. அணுக்கள் தின்னத் தின்ன அந்த நீர் மஞ்சளாக மாறும். மாறினால் புது நீர் ஊற்ற வேண்டும். அந்த வேலையை மயிலாள் எடுத்துக்கொண்டாள்.

"பசி வந்துட்டா மூஞ்சி மஞ்சளாப் போயிருது பாரு" என்பாள், துண்டைப் பார்த்து.

வலை பின்னும்போதே அவள் இரண்டாகப் பின்னியிருந்தாள். எதற்கு இரண்டு என்று இந்துமதி கேட்டாள்.

"கவுன்ட்டர் சாம்பிளுங்க. துணி வாங்கற பையருக்கு ஒரு பீஸ் அனுப்பினா அதே மாதிரி ஒண்ணு கம்பெனியில வெச்சுக்கோணும். பின்னால ஏதாச்சும் தகராறுன்னு வந்தா எடுத்துக் காட்டறதுக்கு." இது இங்கே எந்தக் கம்பெனியிலும் இருக்கும் வழக்கம். கை பழகிப்போய்ச் செய்தாள், அவ்வளவுதான். இரண்டாவது துண்டுக்கும் ஒரு பம்பை மாட்டி, துண்டுகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, மேலே கவுன்ட்டர் என்று எழுதி ஒட்டினாள்.

அந்த வாரமே மையத்திலிருந்து கடிதம் வந்தது. துண்டு இருபத்தோராம் நாளில் மேலிட மதிப்பீட்டில் பாஸாக வேண்டும். ஆகாவிட்டால் ஆய்வு அறை மூடப்பட்டு, அங்கே அந்தத் துண்டின் ஆறடிப் பிளாஸ்டிக் மாதிரியுடன் பார்வையாளர் கூடம் அமைக்கப்படும்.

"ஒரு விசயம் சொல்லிடறேங்கக்கா" என்றாள் இந்துமதி. "இது மனுசங்க உடம்புக்கு வர எத்தனை வருசம் ஆகும்னு எனக்கே தெரியாது. வீரண்ணன் கைக்கு ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்."

"அதுக்குக் கேக்கலீங்க." மயிலாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அவருக்கு ரெண்டு தரமும் நடுவுலதான் கறுத்துச்சு. நடுவுக்கு ரத்தம் ஏறி ஒண்ணு பொழைக்கறதை ஒருக்காக் கண்ணால பார்க்கோணும். அவ்வளவுதான்."

ஏழாம் நாள் முதல் இன்ஸ்பெக்‌ஷன். தரக் கட்டுப்பாட்டுத் தலைவர் பிரபாகர், இரண்டு உதவியாளர்களுடன் வந்தார். கெட்ட மனுஷர் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபார்மில் இருப்பதை மட்டும் பார், இல்லாததைப் பார்க்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அவர் நல்ல மாணாக்கர், அதை மறக்கவே இல்லை.

"முதல்ல ஜிஎஸ்எம் பார்த்திடலாமுங்க" என்று பையிலிருந்து வட்டக் கட்டரை எடுத்தார். சதுர மீட்டருக்குத் துணி எத்தனை கிராம் என்கிற ஜிஎஸ்எம் கணக்குக்காக, பனியன் துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடை பார்க்கிற கருவி. அதன் வாய் சதைத்துண்டைவிட மூன்று மடங்கு பெரியது.

"சார், இது உயிரோட இருக்குது" என்றாள் இந்துமதி.

"அதுக்குத்தான் மேடம் மெதுவா வெட்டறோம். ஆனா சாம்பிள் சின்னதாயிருச்சே. கட்டர் ஸ்டாண்டர்டு சைஸ்."

கட்டரைச் சின்னதாக்க விதியில் இடமில்லை. துண்டைப் பெரிதாக்க மூன்று மாதம் ஆகும். இருபது நிமிஷ ஆலோசனைக்குப் பிறகு, ஒரு மூலையை மட்டும் நறுக்கி எடை பார்த்துப் பெருக்கிக்கொள்வது என்று முடிவானது. நறுக்கினார்கள். எடை அதிகமாக வந்தது.

"என்னங்க இவ்வளவு கனம்?"

"முக்கால்வாசிக்கு மேல தண்ணிங்க" என்றாள் மயிலாள்.

"ஈரத்துணியில ஜிஎஸ்எம் எடுக்கக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியாதாம்மா? காய வெச்சுக் கொண்டாங்க."

நறுக்கிய மூலையை வெயிலில் காயவைத்தார்கள். அப்பளத் தூள் அளவுக்கு ஏதோ மிஞ்சியது. எடை சரியாக வந்தது. பிரபாகர் டிக் அடித்தார்.

அடுத்தது சுருக்கம் பார்ப்பது. அறுபது டிகிரியில் மூன்று தரம் வாஷிங் மெஷினில் போட வேண்டும். இந்துமதி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மயிலாள் முன்னால் வந்து, "ஏனுங் சார், துவைக்கக் கூடாதுன்னு கேர் லேபிள் வெச்சுட்டா வாஷ் டெஸ்ட் வேண்டியதில்லைங்களே" என்றாள்.

பிரபாகர் முகம் மலர்ந்தது. "லேபிள் இருந்தா வேண்டாமுங்க."

மறுநாளே ஆறு மொழிகளில் லேபிள் அச்சாகி வந்தது. துவைக்காதே, பிழியாதே, இஸ்திரி போடாதே. துண்டு நாலு விரல் நீளம். லேபிள் ஒரு சாண். தூரத்திலிருந்து பார்த்தால் லேபிளை வளர்ப்பது போலவே இருந்தது.

போகும்போது பிரபாகர் கீழ்த்தட்டைப் பார்த்தார். "அது என்னங்க?"

"கவுன்ட்டர் சாம்பிளுங்க."

"ஓ." பார்வையை எடுத்துக்கொண்டார். கவுன்ட்டர் சாம்பிளை யாரும் தொட மாட்டார்கள். அது தகராறு நாளுக்கானது.

"சார்" என்று இந்துமதி கூப்பிட்டாள். "இத்தனை டெஸ்ட்டுல, அது உயிரோட இருக்கான்னு பார்க்கற டெஸ்ட் எது?"

பிரபாகர் ஃபார்மை முன்னும் பின்னும் திருப்பினார். உண்மையாகவே தேடினார் பாவம். "அந்தக் கட்டம் இதுல இல்லீங்க மேடம். வேணும்னா ரிமார்க்ஸ்ல எழுதிக்கலாம். ஆனா ரிமார்க்ஸை யாரும் படிக்க மாட்டாங்க."

பன்னிரண்டாம் நாள் மயிலாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தவள் அசையாமல் நின்றாள். அவள் பின்னிய ஒவ்வொரு கண்ணியும் அவளுக்கு மனப்பாடம். ஆறாவது கண்ணியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று வெளியே போயிருந்தது.

"கண்ணு, இங்க வா. இது நான் போட்ட கண்ணி இல்லை."

இந்துமதி பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. "தானா முளைச்சிருக்குதுங்கக்கா. பக்கத்துல இருக்கற அணுவுக்குப் பசிக்குதுன்னு தெரிஞ்சு குழாயே கிளை விடுது. நாம வழிதான் போட்டோம். மீதியை அதுவே போட்டுக்குது." கவுன்ட்டரிலும் பார்த்தார்கள். அதிலும் முளை விட்டிருந்தது. அன்றைக்கு இருவரும் ஆளுக்கொரு தேங்காய் பன் வாங்கித் தின்றார்கள்.

பதினாலாம் நாள் இரண்டாவது இன்ஸ்பெக்‌ஷன். முதல் வாரம் ஒப்புதலான வரைபடத்தைப் பிரபாகர் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். முகம் இருண்டது.

"டிசைன்ல பதினாறு கிளை. இதுல இருபத்தேழு இருக்குது. பதினோரு இடத்துல பிசிறு. மேஜர் டிஃபெக்ட்."

"அது பிசிறு இல்லை சார், வளர்ச்சி" என்றாள் இந்துமதி.

"அப்ரூவல் ஆனதுக்கு அப்புறம் வளரலாமுங்களா?"

சேர்மனுக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் ஈஸ்வரமூர்த்தியின் குரல் வாஞ்சையாக வந்தது. "பிசிறுதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு. மயிலா இருக்குதல்ல அங்க? இருபத்திரண்டு வருசம் பிசிறு வெட்டின கை. சுத்தமா நறுக்கிக் குடுத்துரு ஆத்தா."

மயிலாள் கழுத்திலிருந்த கத்தரியைக் கழற்றினாள். லட்சம் பிசிறு வெட்டிய கை அது. நுண்ணோக்கியின் கீழ் முதல் முளையை இரண்டு தரம் தொட்டு விட்டுவிட்டு, மூன்றாம் தரம்தான் நறுக்கினாள். நறுக்கிய இடத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு கசிந்து, ஜெல்லுக்குள் பரவி நின்றது. பதினொன்றையும் வெட்டினாள். அன்று மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"ஏம்புள்ள, சோறு அப்படியே இருக்குது?" என்றார் வீரன்.

"பிசிறு வெட்டச் சொன்னாங்க. வெட்டினேன்."

"அது உனக்குப் புதுசா?"

"நூல் பிசிறு வளராதுங்க. இது வளந்துச்சு. அதையும் வெட்டிப்போட்டு வந்திருக்கேன்."

வீரன் இடது கையால் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இரண்டே நாளில், வெட்டிய இடங்களில் நாலில் மறுபடி முளை வந்தது. மயிலாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மையத்துக்கோ அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. அவசரக் கூட்டம் கூடியது. இந்துமதியும் மயிலாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். "நான் யாரையும் குத்தம் சொல்லலீங்க. ஆனா ஒரு பீஸ் நாளுக்கு நாள் மாறிட்டே இருந்தா நாம எதை நம்பி ஆர்டர் எடுக்கறது? இன்னிக்கு இருக்கற மாதிரி நாளைக்கு இருக்கோணும். அதுக்குப் பேருதான் தரம். எங்க கம்பெனி அலமாரியில ஒரு டீ-சர்ட் சீல் பண்ணி வெச்சேன், பதினஞ்சு வருசமாச்சு. ஒரு நூல் மாறலை. நான் மாறிட்டேன், எனக்கு சுகர் வந்துருச்சு, அது மாறலை. அதனால இந்தப் பீஸையும் இன்னிக்கே சீல் பண்ணி அலமாரியில வெச்சுப் பூட்டிரலாம். இருபத்தோராம் நாள் திறப்போம்."

"சீல் பண்ணினா பம்பு ஓடாது" என்றாள் இந்துமதி. "ஊட்டநீர் போகாது. செத்துப்போயிரும் ஐயா."

"சீல் பண்ணின சாம்பிள் எப்படிம்மா சாகும்?" அவர் அன்போடு கேட்டார். "இதுவரைக்கும் ஒண்ணுகூடச் செத்ததில்லையே."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பம்பு பைக்குள் அடங்காது என்பதால் கழற்றப்பட்டது. துண்டைப் பாலித்தீன் பையில் போட்டு, லேபிளை மடித்து உள்ளே வைத்து, வாயை ஒட்டி, மேலே அட்டை கோத்து, ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். அரக்குச் சீல் வைத்தார்கள். பதினாறு நாள் ஊட்டியவளையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவள் போட்டிருக்க மாட்டாள்.

மயிலாள் அலமாரிப் பூட்டைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் நின்றாள். பிறகு அறைக்குப் போனாள். கீழ்த்தட்டில் கவுன்ட்டரின் நீர் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"இரு இரு, வந்துட்டேன்" என்று பாட்டிலை எடுத்தாள்.

அந்த ஐந்து நாளும் அவளும் இந்துமதியும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். எதற்குக் காவல் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அலமாரிப் பக்கம் மட்டும் இருவரும் போகவில்லை.

இருபத்தோராம் நாள் வாழைமரம் கட்டினார்கள். மேலிடக் குழுவின் தலைவர் தரணீதரன் வந்து குத்துவிளக்கு ஏற்றினார். பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கணக்குச் சரியாக வந்தது. பிறகு அலமாரியைத் திறந்தார்கள்.

முன்வரிசையில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். பை உப்பியிருந்தது. உள்ளே பழுப்புத் தண்ணீரில் ஏதோ மிதந்தது. லேபிள் மட்டும் ஆறு மொழியிலும் பளிச்சென்று தெரிந்தது.

தரணீதரன் மூக்கைப் பிடித்தபடி ஃபார்மைத் திறந்தார். "சீல் உடைஞ்சிருக்கா?"

"இல்லீங் சார்" என்றார் பிரபாகர்.

"கையெழுத்து?"

"ஒம்பதும் இருக்குதுங்க."

"புதுசாப் பிசிறு ஏதாவது?"

பிரபாகர் குனிந்து பார்த்தார். "ஒண்ணுகூட இல்லீங்க."

"பதினாறாம் நாள் இருந்த எண்ணிக்கையிலேயே நிக்குது. இவ்வளவு கட்டுப்பாடான ஒரு திசுவை நான் எந்த மையத்துலயும் பார்த்ததில்லை" என்று சொல்லிக்கொண்டே தரணீதரன் எழுதத் தொடங்கினார்.

அப்போது பின்வரிசையில் மயிலாள் எழுந்தாள். "ஐயா, ஒரு வார்த்தைங்க. அது செத்துப்போச்சுங்க. இன்னொண்ணு அந்த ரூம்ல உயிரோட இருக்குது. ரெண்டு நிமிசம் வந்து பார்த்தீங்கன்னா தெரிஞ்சுக்கலாமுங்க."

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்குச் சீல் இருக்கா ஆத்தா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"இல்லீங்க."

"நம்பர்?"

"இல்லீங்க. கவுன்ட்டர் சாம்பிளுங்க."

எல்லோரும் பிரபாகரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "கவுன்ட்டர் சாம்பிளை டிஸ்ப்யூட் வந்தாத்தான் எடுக்கோணுமுங்க. சீல் சாம்பிள் பாஸ் ஆயிருச்சு. அதனால டிஸ்ப்யூட் இல்லை. டிஸ்ப்யூட் இல்லாததால கவுன்ட்டர் சாம்பிளும் இல்லீங்க."

"இருக்குதுங்களே" என்றாள் மயிலாள்.

"இருக்கலாம். ஆனா இல்லீங்க."

தரணீதரன் கையெழுத்திட்டார். ஆய்வு அறைக்கு மேலும் மூன்று வருஷம் அனுமதி. ஆறடிப் பிளாஸ்டிக் மாதிரிக்கு ஏற்கெனவே ஆர்டர் போயிருந்ததால், அது மட்டும் வரவேற்பறையில் நிற்கும் என்று அறிவித்தார்கள். சாப்பாடு பிரமாதம்.

அறைக்குத் திரும்பியதும் இந்துமதி கோட்டைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள். "செத்ததுக்கு மூணு வருசம் குடுத்திருக்காங்க. உயிரோட இருக்கறது இல்லையாம். நான் ராஜினாமா எழுதப் போறேங்கக்கா."

மயிலாள் கீழ்த்தட்டைத் திறந்து பார்த்துவிட்டு நிதானமாக மூடினாள். "எழுதாத கண்ணு. யோசிச்சுப் பாரு. நம்பர் இல்லை, சீல் இல்லை, டிசைன் ஷீட்டு இல்லை. இல்லாத ஒண்ணை எந்தக் கட்டரைக் கொண்டுட்டு வந்து வெட்டுவாங்க?"

இந்துமதி அவளையே பார்த்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் வீரனைக் கூட்டி வந்தாள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்கு வருவது போலக் கூச்சத்துடன் வந்தார். இந்துமதி அவரை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தாள். ஓட்டம் தெரிவதற்காக ஊட்டநீரில் மினுங்கும் நுண்மணிகள் சில விட்டிருந்தாள்.

"எனக்கு மசமசன்னு இருக்குதுங்க" என்றார்.

"அந்தத் திருகைத் திருப்புங்கண்ணா."

அவர் வலது கையை நீட்டினார். பாதிக்கு மேல் மடங்காத அந்தக் கை, திருகுக்குச் சரியாக எட்டியது. மெல்லத் திருப்பினார். படம் தெளிந்ததும் கை நின்றது. மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயில் போவதும், கிளையில் திரும்புவதும், யாரும் பின்னாத சின்னக் கிளைக்குள் நுழைவதும் தெரிந்தது.

"போகுது புள்ள" என்றார் தலையைத் தூக்காமல். "நடுவுக்கே போகுது."

மயிலாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கதவுப் பக்கம் யாரோ செருமினார்கள். பிரபாகர் நின்றிருந்தார். கோட்டு இல்லை, கட்டர் பை இல்லை, கையில் மடித்த ஒரு தாள் மட்டும். மயிலாள் சட்டென்று நுண்ணோக்கியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாதீங்கக்கா, இது டியூட்டி இல்லீங்க. எனக்கு லன்ச்" என்றார். "அண்ணன் பார்த்து முடிச்சதும் நான் ஒருக்கா."

வீரன் எழுந்து இடம் விட்டார். பிரபாகர் குனிந்து பார்த்தார். அவருடைய லன்ச் நேரம் முடிந்து, அதற்குப் பிறகும் கால் மணி நேரம் ஆனது. நிமிர்ந்து, கையிலிருந்த தாளை மேஜைமேல் விரித்துப் பேனாவை எடுத்தார். எல்லாக் கட்டங்களையும் காலியாக விட்டுவிட்டு, கடைசியில் ரிமார்க்ஸ் என்ற இடத்தில் இரண்டே சொல் எழுதினார்: உயிர் இருக்கிறது.

"ஃபைல்ல வெச்சுருவேன்" என்றார் மெதுவாக. "யாரும் படிக்க மாட்டாங்க. நீங்க பயப்பட வேண்டாம்."

அவ்வளவுதான் கண்ணுகளா. துண்டு பிழைத்துக்கொண்டது. இன்றைக்குப் போய்க் கேட்டாலும் அப்படி ஒன்று இல்லை என்றுதான் சொல்வார்கள், அது பாட்டுக்குக் கிளை விட்டுக்கொண்டிருக்கும்.

எழுந்து போகிறவர்கள் இதையும் வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் ஓட வேண்டியதெல்லாம் தடையில்லாமல் ஓடட்டும். நடுவில் இருப்பவர்களுக்கும் மூலையில் இருப்பவர்களுக்கும் சமமாகப் போய்ச் சேரட்டும். உங்கள் பிள்ளைகள் யாருடைய வரைபடத்திலும் இல்லாத பக்கமாகக் கிளை விட்டால், கத்தரி எடுக்காத கை அவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். அவரவர் கை அவரவர் வாய்க்கு எட்டட்டும். எட்டாத கைக்குப் பக்கத்தில், டப்பாவைத் திறந்து நகர்த்தி வைக்க இன்னொரு கை எப்போதும் இருக்கட்டும்.